ஐந்து சங்கிலி, ஐந்து பிடி

என் ஓட்டத்தைப் பொய் என்று முதலில் சொன்னவர் மெட்ராஸில் ஒரு மேஜை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாநிலத் தேர்வு ஓட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிற அதிகாரி அவர். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் நூறு மீட்டரை நான் எத்தனை நொடியில் ஓடினேன் என்று எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எட்டி என் காலைப் பார்த்தார். செருப்பில்லாத கால். விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணுக்குப் போட்ட மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“இந்த டைமிங் எல்லாம் வராதும்மா,” என்றார். “உங்க ஊர் கிரவுண்டு ஒரு எட்டு, பத்து அடி கொறைச்சலா இருக்கும். கிராமத்துல அளக்கறது அப்படித்தான்.”

என் பக்கத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு நைனா என்றுதான் பெயர். அந்த மைதானத்தை அளந்து கோடு போட்டவர் அவர்தான். அதிகாரிக்கு அது தெரியாது. நைனா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னைப் பொய்க்காரி என்றிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

எனக்கு எப்போதும் அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிடும். அன்றைக்கும் அதுதான் வந்தது.

“அளந்து பாத்தீங்களா சார்?”

“எதுக்கும்மா பாக்கணும்? இந்தத் தாளைப் பாத்தாலே தெரியுதே.”

“தாளுல கிரவுண்டு தெரியுமா? ஒரு நாளு வந்து அளந்து பாருங்க. ஒரு அடி கொறைஞ்சா நான் இனிமே ஓடல.”

நைனா என் கையைப் பிடித்து இழுத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அவருக்குப் பயம். அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருவதாகச் சொன்னார். தேர்வு ஓட்டத்துக்கு அப்போது பதினைந்து நாள்கூட இல்லை. அதில் முதல் இரண்டு இடம் வருகிறவர்கள் வெளிநாட்டில் நடக்கப்போகிற பெரிய போட்டிக்கான பயிற்சி முகாமுக்குப் போவார்கள். அழைப்புக் கடிதம் எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி வந்திருந்தோம்.

நைனாவுக்கு வருஷத்தில் பாதி நாள் வயல் வேலை, மீதி நாள் சர்வேயரிடம் சங்கிலி இழுக்கும் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. ஃபாக்டரி வரப்போகிறது, ஃபாக்டரி வரப்போகிறது என்று கும்மிடிப்பூண்டி பக்கமெல்லாம் ஒரே பேச்சு. ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் யாராவது எதையாவது அளந்துகொண்டே இருந்தார்கள். அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலி. நூறு கண்ணி, பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நைனா முள்ளிலும் சேற்றிலும் நடப்பார். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத மனிதர் ஆரம்பாக்கம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தையெல்லாம் அளந்தார். அதில் அவருக்குக் கர்வம்கூட உண்டு. சங்கிலி பேசினால் பங்காளிகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பார்.

பள்ளிக்கூடத்தில் கஜம் போய் மீட்டர் வந்தபோது டிரில் மாஸ்டர் நைனாவைத்தான் கூப்பிட்டார். “நூறு மீட்டர்னா அஞ்சு சங்கிலி. அளந்து குடுப்பா,” என்றார். சர்வேயர் ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை நைனா சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அளந்தார். இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை அடித்தார். அதுதான் எங்கள் நூறு மீட்டர்.

நான் ஓடக் கற்றது அங்கே இல்லை. அறுவடை முடிந்த வயலில். அறுத்த நெல்லின் தாள் ஊசி ஊசியாக நிற்கும். காலை ஊன்றி நின்றால் குத்தும், வைத்த வேகத்தில் எடுத்தால் குத்தாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். பத்தாம் வகுப்பில் டிராயர் போட்டுக்கொண்டு ஓடியபோது தெருவில் பேசாத வாய் இல்லை. “வயசுப் பொண்ணு தொடயக் காட்டிக்கினு ஓடுது பாரு,” என்று ஒருத்தி அம்மாவிடமே வந்து சொன்னாள். “நடவுக்குப் போறப்ப நீ எங்க சொருவுற புடவைய?” என்று அம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் கோபம் யார் வழி வந்தது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முந்தின வருஷமும் மாவட்டப் போட்டி எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. தேர்வுக்குக் கூப்பிட ஒரு நேரம் வைத்திருந்தார்கள், பன்னிரண்டரை நொடி. நான் பன்னிரண்டு புள்ளி ஆறில் ஓடினேன். ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் நைனா வந்து தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, “ஒரு புள்ளின்னா எவ்ளோ தூரம் இருக்கும்?” என்று கேட்டார். டிரில் மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். “ரெண்டரை அடி, நைனா.” அவர் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். மறுவருஷம் எங்கள் கட்டையிலிருந்து கட்டைக்குப் பன்னிரண்டு புள்ளி மூன்றில் ஓடினேன். அந்தத் தாளைத்தான் அதிகாரி பொய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார். கையில் வட்டமான தோல் பெட்டி, அதற்குள் எஃகு டேப். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். எங்கள் தெரு முழுக்க மைதானத்தில் இருந்தது. ஒரு சர்க்கார் வேட்டியையோ பேண்டையோ பார்த்தால் பின்வாங்குகிற ஜனம், அன்றைக்கு வேலியோரம் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. நடவுக்குப் போகிற பெண்கள் களைக்கொத்தும் கூடையுமாக அப்படியே வந்துவிட்டார்கள். நான் பாவாடை தாவணியில் இருந்தேன். பெரிய மனுஷர் வருகிறார், அடக்கமாக நில் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

ஒரு முனையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அதிகாரி டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தார். முப்பது, அறுபது, தொண்ணூறு. கடைசிப் பத்து மீட்டருக்கு அவர் குனிந்து ஒரு ஆணியைக் குத்தியபோது, எங்கள் கட்டை அவருக்கு முன்னால் இன்னும் தள்ளி நின்றது. வேலியோரத்தில் ஒருவருக்கும் புரியவில்லை.

“கட்டைக்கு முன்னாடியே நூறு முடிஞ்சி போச்சே. இன்னா அர்த்தம், கொறைஞ்சி போச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

மாஸ்டர் ஓடி வந்து பார்த்தார். ஆணியிலிருந்து கட்டை வரைக்கும் டேப்பை வைத்தார். “கொறையல,” என்றார். “அதிகம். மூணடி ஏழு அங்குலம் அதிகம்.”

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. அதிகாரி முதலில் நம்பவில்லை, திரும்ப ஒரு தடவை அளந்தார். அதே மூன்றடி ஏழு அங்குலம். அஞ்சு சங்கிலி என்பதே நூறு மீட்டருக்கு மேல் இரண்டடி என்று அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டு மாஸ்டரிடம் காட்டினார். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். ஆனால் அந்தக் கணக்கிலும் ஒன்றேமுக்கால் அடி உதைத்தது. “யார் அளந்தது?” என்று அதிகாரி கேட்டார்.

நைனா முன்னால் வந்தார். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டதற்கு வாயால் சொல்லத் தெரியாமல் செய்து காட்டினார். சங்கிலியின் நுனி இருக்கும் இடத்தில் கையை மூடித் தரையில் வைத்தார். அந்தப் பிடிக்கு அந்தப் பக்கம் ஒரு குச்சி நட்டார். “இங்கேர்ந்து அடுத்த சங்கிலி சார்,” என்றார். சங்கிலிக்கு ஒரு பிடி. ஐந்து சங்கிலிக்கு ஐந்து பிடி.

“அது என்னய்யா பிடி? சர்வேயர் அப்படியா சொல்லிக் குடுத்தார்?”

“இல்ல சார். நெலத்துல சர்வேயர் நிப்பாரு, அங்க கண்ணி சுத்தமா இருக்கும். இது புள்ளைங்க கிரவுண்டு.” நைனா குச்சியை இன்னும் கொஞ்சம் மண்ணுக்குள் அழுத்தினார். “கூலி நெல்லு போடறவன் கட்டவெரல மரக்காலுக்குள்ள வுட்டுக்கினு அளப்பான் சார். எங்கப்பனுக்கும் அப்டித்தான் அளந்தான், எனக்கும் அப்டித்தான். நான் அளக்கறத ஒருத்தன் கொறைச்சல்னு சொல்லக் கூடாது. அதான் சார்.”

வேலியோரம் உட்கார்ந்திருந்த எல்லோரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தவர்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம். ஒரு புள்ளி. ரெண்டரை அடி. நான் ஓடியது நூறு மீட்டரே இல்லை. நூறு மீட்டர் ஓடியிருந்தால் போன வருஷமே போயிருப்பேன். என்னைத் தடுத்தது மெட்ராஸ்காரர் இல்லை, என் காலும் இல்லை, என் அப்பாவின் ஐந்து பிடி. நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தில் இருந்ததை அவர் படித்துவிட்டார். தரையில் வைத்த கையை அவர் இன்னும் திறக்கவில்லை, மூடியபடியே எழுந்து நின்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன்.

அதைத் திசை திருப்பியவர் அதிகாரிதான். டேப்பைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “சரி, குறைச்சல் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா நூறு மீட்டரும் இல்லையே. அளவு தப்பான கிரவுண்டுல எடுத்த நேரத்தை நான் எடுத்துக்க முடியாது. ரூல் அப்படி.”

“சார், கூட ஓடியிருக்கா சார்,” என்றார் மாஸ்டர்.

“கூடன்னாலும் தப்பு தப்புதான் மாஸ்டர். அடுத்த வருஷம் பாப்போம்.”

அடுத்த வருஷம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. அம்மாவோடு நடவுக்குப் போயிருப்பேன்.

“கொறைஞ்சாலும் செல்லாது, நீண்டாலும் செல்லாது. அப்ப எங்க ஊர்ல எதுதான் சார் செல்லும்?” என்றேன். மாஸ்டர் என்னை முறைத்தார். நான் நிறுத்தவில்லை. “உங்க கையில டேப்பு இருக்குது. கழுத்துல வாட்ச்சு இருக்குது. நான் இங்கதான் நிக்கறேன். உங்க ஆணி இருக்கற எடத்துல கோடு போடுங்க. ஓடறேன், நீங்களே பாருங்க.”

“எனக்கு ஒரு மணிக்கு வண்டி.”

“பன்னெண்டு நொடிதான் சார் ஆவும்.”

வேலியோரத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அவரை மறிக்கவில்லை. ஆனால் வாசல் பக்கம் நின்றிருந்த நடவுப் பெண்கள் ஒருத்தியும் இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அவர் ஒரு தடவை வாசலைப் பார்த்தார், ஒரு தடவை வாட்ச்சைப் பார்த்தார். “சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்டார்.

அம்மா இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தை எடுத்துக் கொடுத்தாள். தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் கால் ஊன்ற இரண்டு குழி தோண்டினேன். தாவணியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். பாவாடையை நடவுக்குச் சொருகுவது போல் இழுத்துச் சொருகினேன். அடக்கமாக நிற்கச் சொன்ன மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தக் கோடியில் அதிகாரி தன் கோட்டில் நின்றார். மூன்றரை அடி தள்ளி எங்கள் கட்டை. கட்டைக்குப் பக்கத்தில் நைனா.

விசில் கேட்டதும் குழியை விட்டுக் கிளம்பினேன். அந்த ஓட்டத்தில் பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாவாடை ஒரு பக்கம் அவிழ்ந்து தொடையில் அடித்தது. சுண்ணாம்புக் கோடு எங்கே இருக்கிறது என்று நான் தேடவேயில்லை. இத்தனை வருஷம் பார்த்த அந்தச் சவுக்குக் கட்டையைத்தான் பார்த்தேன், அதற்குப் பக்கத்தில் நின்ற ஆளையும் பார்த்தேன். அவர் மேல் இருந்த கோபத்தோடுதான் ஓடினேன். கட்டையைத் தாண்டின பிறகுதான் நின்றேன்.

திரும்பி வந்தபோது அதிகாரி வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுவிட்டதோ என்று சந்தேகம் போல. பிறகு மாஸ்டர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார்.

“சத்தமா சொல்லுங்க சார்,” என்றேன். மூச்சு வாங்கியது. “எங்க ஜனங்க காதுல உழணும்.”

“பன்னிரண்டு புள்ளி ஒண்ணு,” என்றார். இந்தத் தடவை சத்தமாகத்தான் சொன்னார். அங்கேயே, மாஸ்டரின் முதுகை மேஜையாக்கித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மைதானம் அதிகம் இருந்தது என்றும் எழுதச் சொன்னேன். எழுதினார். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். ஒரு மணி வண்டியை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் நைனா கடப்பாரையோடு மைதானத்துக்குப் போனதைப் பார்த்து நான் பின்னாலேயே போனேன். கட்டையைப் பிடுங்கி ஆணி இருந்த இடத்தில் நடப் போகிறார். “உன் ஒரு வருசத்த நான்தான் துன்னுட்டேன்,” என்றார். காலையில் அவரை வெறுத்தவள்தான் நான். ஆனால் அந்தக் கடப்பாரையைக் கண்டதும் எனக்கு வேறு கோபம் வந்துவிட்டது.

“கட்டையில கை வெச்ச, நான் மெட்ராசுக்கே போவ மாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும் நைனா.”

“தப்பான அளவும்மா.”

“யாரையும் ஏமாத்துன அளவு இல்ல. இருக்கட்டும்.”

இருந்தது. மீதி நாளெல்லாம் அந்தக் கட்டை வரைக்கும்தான் ஓடினேன். மெட்ராஸில் இரண்டாவதாக வந்தேன். முகாமில் ஆணி வைத்த ஷூ கொடுத்தார்கள், காலுக்குக் குழி தோண்டாமல் ஸ்டார்டிங் பிளாக் என்ற கட்டைமேல் ஊன்றிக் கிளம்பச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் பழகினேன். ஒன்றுதான் பழக வரவில்லை. கோடு வரும்போது நெஞ்சை முன்னால் நீட்டு என்றார் அங்கே இருந்த பயிற்சியாளர். எனக்குக் கோடு வருவதே தெரியாது. நீட்ட வேண்டிய இடத்தில் இன்னும் இரண்டு எட்டு ஓடிக்கொண்டிருப்பேன். முட்டாள் என்று திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகாம் முடிந்து என்னையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அந்த வெளிநாட்டு மைதானம் செங்கல் நிறத்தில் ரப்பர் விரித்தது. முதல் நாள் எல்லோரும் பழகிக்கொண்டிருந்தபோது நான் முடிகிற கோட்டில் குதிகாலை வைத்து, அதைத் தாண்டி அடிமேல் அடி வைத்து நடந்தேன். நாலு அடி வைத்து, கொஞ்சம் பின்வாங்கி நின்றேன். பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்த வேறு நாட்டுக்காரி ஒருத்தி என்ன தேடுகிறாய் என்று சைகையில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன். அங்கே ஒரு சவுக்குக் கட்டை நிற்பது எனக்குத் தெரிந்தால் போதும்.

மறுநாள் முதல் சுற்று. எட்டுப் பேர், மூன்று பேர்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். எல்லோரும் என்னைவிட உயரம். கிளம்பும்போது நான் சுமார்தான், பாதியில் ஆறாவதாக இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சை நீட்டினார்கள். அரை எட்டு சீக்கிரம் நீட்டிவிட்டார்கள், கால் தடுமாறியது. நான் நீட்டவில்லை. எனக்கு இன்னும் மூன்றரை அடி இருந்தது. கட்டையைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தபோது பலகையில் மூன்றாவதாக என் எண் வந்தது.

அடுத்த சுற்றில் தோற்றேன். எட்டுப் பேரில் ஏழாவது. தோற்றதற்கு அழகான காரணம் எதுவும் இல்லை, அவர்கள் என்னைவிட வேகம். திரும்பி வந்தபோது, போனதே பெரிய விஷயம் என்று மெட்ராஸில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அதை அவர் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஊருக்கு வந்து இறங்கியபோது நைனா வாய்க்கால் ஓரம் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எத்தனாவது வந்தேன் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், மாஸ்டர் சொல்லியிருந்தார். மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அங்க கிரவுண்டு ஒழுங்கா அளந்திருந்தானுங்களா?” என்று கேட்டார்.

“மூணரை அடி கொறைச்சல், நைனா.”

“அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன்,” என்றார். பிறகு வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.